பெரும்பான்மைத் திதி

உல்சான்
2024 செப்டம்பர் 20, வெள்ளி, காலை 5.40

அக்கா,

சாட்சிகள் பதினைந்து பேர். பதினொரு பேர் சொன்ன படையல் நாள் பதினேழு. நான்கு பேர் சொன்ன நாள் பதினெட்டு. நீ பதினேழை எடுத்துக்கொண்டாய். உன் அறிக்கை, பக்கம் 64: "ஆண்டுகள் பல கடந்ததால் நினைவுப் பிறழ்ச்சி ஏற்பட்டிருக்கலாம் எனக் கருதி, பெரும்பான்மை ஏற்கப்பட்டது." கீழே கையெழுத்து, தாக் மிரியோங், முதுநிலை ஆய்வாளர், இமோக் வட்டப் போர்க்கால நிகழ்வு ஆய்வு மன்றம். ஒரு மனிதன் எந்த நாளில் செத்தான் என்பதை ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம் என்று எந்தப் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்?

நலமா என்று கேட்கப்போவதில்லை. என் எண்ணைத் தடுத்து வைத்திருப்பவளிடம் நலம் விசாரிக்க எனக்கு நேரமில்லை. அதனால்தான் தபால். வீட்டுக்குப் போட்டால் பிரிக்காமல் எறிவாய், அதனால் அலுவலகத்துக்கு.

விஷயம் இதுதான். அப்பா போனபின் தாத்தாவின் படையல் என் பொறுப்பு. நேற்று சந்திரக் கணக்கில் எட்டாம் மாதம் பதினேழு. நடுராத்திரி வரை விழித்திருந்துவிட்டுக் காலை ஆறு மணிக்குப் பாலத்தின் மேல் ஏறி அசைவு அளக்க என்னால் முடியாது. அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, இன்னிக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கே படையல வெச்சிடறேன். இப்ப எல்லாரும் சாயங்காலந்தான வெக்கிறாங்க?"

"சாயங்காலம் வெக்கிறதுன்னா நாளைக்குச் சாயங்காலம் வெய்யி. இன்னிக்கி ஏழு மணிக்கு உங்க தாத்தா உசுரோட இருக்காருடா. உசுரோட இருக்கற மனுசனுக்கா படையல் போடுவ?"

அம்மா அதோடு போனை வைத்துவிட்டாள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. உன் அறிக்கையை எடுத்து மறுபடி படித்தேன்.

படையல் என்பது நடுராத்திரி தாண்டி, செத்த நாள் பிறந்ததும் வைப்பது. சமையல் முதல் நாள், இறந்தவர் வந்து சாப்பிடுவது மறுநாள். ஊரில் இருப்பவர்கள் சமைக்கும் நாளை வைத்துப் "பதினேழு" என்பார்கள். பட்டணம் போய்ச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டவர்கள், அம்மா சொன்ன கணக்குப்படி, "பதினெட்டு" என்பார்கள். பதினைந்து பேருக்கும் நினைவு சரியாகத்தான் இருக்கிறது. பதினைந்து பேரும் ஒரே நாளைத்தான் சொல்கிறார்கள். அது பதினெட்டு.

1950இல் எட்டாம் மாதம் பதினேழு என்றால் செப்டம்பர் 28. பதினெட்டு என்றால் 29. வடக்குப் படை இமோக்கை விட்டு ஓடியது 28 இரவு. நம் தெற்குப் போலீஸ் திரும்பி வந்தது 29 விடியலில். இதையும் நீதான் எழுதியிருக்கிறாய், பக்கம் 31. நம் ஜாத்கோல் ஊர்க்காரர்களில் தாத்தாவையும் சேர்த்து இருபத்துமூன்று பேரைப் புகையிலைக் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்திச் சுட்டது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று எல்லோருமே சொல்கிறார்கள். 29 மதியம் அந்த ஊரில் துப்பாக்கி வைத்திருந்தது யார்? நீயே சொல்.

நவம்பர் 8 அன்று நினைவுக்கல் திறக்கிறீர்கள். "பின்வாங்கிய வடக்குப் படையால் 28ஆம் தேதி கொல்லப்பட்டோர்" என்ற வரிக்குக் கீழே தாத்தாவின் பெயரைச் செதுக்கப் போகிறீர்கள். காகிதத்தில் இருக்கும்போதே திருத்து.

கியுவான்

*

இமோக்
செப்டம்பர் 27

கியுவான்,

அலுவலக முகவரிக்கு வரும் தபால் என் மேசைக்கு நேராக வராது. பிரிப்பார்கள், முத்திரை குத்துவார்கள், வரவு எண் போடுவார்கள். உன் வசவுக்கு இப்போது எண் 2217. தபால் பிரிவு அம்மாள் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "உங்க தம்பி கையெழுத்து அழகா இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இனி எழுதுவதானால் வீட்டுக்கு எழுது. பிரிக்கிறேன்.

இரண்டரை ஆண்டு வேலை, அறுநூறு பக்கம், அதை அம்மாவின் ஒரு வாக்கியத்தை வைத்துக் கவிழ்க்கப் பார்க்கிறாய். உன் தொழிலில் இதை ஒப்புக்கொள்வார்களா? எழுபதுகளில் அரசாங்கம் சடங்குகளைச் சுருக்கச் சொன்னபின் வீட்டுக்கு வீடு ஒரு வழக்கம். செத்த நாளன்றே சாயங்காலம் வைப்பவர்கள் ஊரிலும் உண்டு. அந்தப் பதினொரு பேரும் அப்படி வைப்பவர்களாக இருந்தால், இறந்தது பதினேழேதான், அறிக்கையும் சரிதான். அவர்கள் நடுராத்திரியில் வைப்பவர்கள் என்று உனக்கு யார் சொன்னது? ஊகத்தைக் கண்டுபிடிப்பு என்று எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினால் உண்மையாகிவிடாது.

இன்னொன்று. படையலைப் பற்றி நீ எனக்குப் பாடம் எடுக்கிறாய். என்றைக்காவது ஒரு முள்ளங்கியாவது சீவியிருக்கிறாயா? பதினேழாம் தேதி விடிந்ததிலிருந்து மீனையும் பூசணியையும் முட்டையில் தோய்த்து எண்ணெயில் வாட்டிக்கொண்டு நின்றது அம்மாவும் நானும். தம்பி ஐயாவைப் பதினொன்றரைக்குத் தட்டி எழுப்ப வேண்டும். கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவாய், இரண்டு முறை விழுந்து கும்பிடுவாய், இறைச்சித் துண்டாகப் பார்த்து எடுத்துத் தின்றுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாய். பாத்திரம் துலக்கி முடிக்கும்போது எனக்கு மணி மூன்று. காலையில் பள்ளிக்கூடம். அந்த நாளை எனக்கு நீ ஞாபகப்படுத்த வேண்டாம், என் கையில் இன்னும் அந்த வாடை இருக்கிறது.

நீ பாலத்தைப் பார்த்துக்கொள். ஜாத்கோல் மனிதர்களைத் தொந்தரவு செய்யாதே. அவர்களுக்கு வயதாகிவிட்டது.

மிரியோங்

*

உல்சான்
அக்டோபர் 6, ஞாயிறு

அக்கா,

நன்றி. உன் கோபம் உன் மூளையைவிட நேர்மையாக இருக்கிறது.

"பதினொன்றரைக்குத் தட்டி எழுப்ப வேண்டும்." உன் கையாலேயே எழுதியிருக்கிறாய். நம் வீட்டில் நடுராத்திரிப் படையல். அந்தப் பதினொரு சாட்சிகளில் ஒருவர் நம் அப்பா. அறிக்கையின் இணைப்பில் அவர் சொன்னது இருக்கிறது: "எட்டாம் மாதம் பதினேழு." அதைக் குறித்துக்கொண்டபோது அவர் சொல்வது எந்த மணி என்று நீ கேட்கத் தேவையே இல்லை. உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே 28 என்று போட்டாய்.

மற்றவர்களிடமாவது கேட்டாயா? இணைப்பு முழுவதையும் படித்தேன். பதினைந்து பேரிடம் நூற்று நாற்பது கேள்வி கேட்டிருக்கிறாய். அன்றைக்கு வெயிலா மழையா, யார் வீட்டு நாய் குரைத்தது என்பதுவரை கேட்டிருக்கிறாய். படையல் எத்தனை மணிக்கு என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. கருவி கெட்டுப்போனால் அளவு இரண்டு பக்கமும் சிதறும். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால், யாரோ கருவியைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நீ தொந்தரவு செய்யாதே என்றதால் நேற்று ஜாத்கோல் போனேன்.

பட்டணத்தில் இருக்கும் நால்வரிடமும் ஏற்கெனவே போனில் பேசிவிட்டேன். நால்வருக்கும் சாயங்காலப் படையல், வேலை முடிந்து வந்து ஏழு, எட்டு மணிக்கு. ஊரிலிருந்து சாட்சி சொன்ன பதினொரு பேரில் அப்பா போய்விட்டார், இரண்டு பேர் மருத்துவமனையில் பேச்சில்லாமல் கிடக்கிறார்கள். மீதி எட்டுப் பேரில் ஏழு பேர், "நடுராத்திரிதான், வேற எப்ப?" என்று என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். எட்டாவது ஆள் பியோ, கொல்லப்பட்டோர் குடும்பச் சங்கத் தலைவர். வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்க அப்பாவுக்குப் படையல் எத்தன மணிக்கு வெப்பீங்க?"

"எதுக்குக் கேக்கற?"

"மணி மட்டும் சொன்னாப் போதும்."

"பாலம் கட்டறவனுக்கு எங்க வீட்டுப் படையல் மணி எதுக்குடா?"

"கட்டறதில்ல ஐயா, அளக்கறேன்."

"அப்ப போய்ப் பாலத்த அள. ஆத்து மேல நின்னு அள. எங்க வாசல்ல எதுக்கு அளக்கற? உங்கக்கா மூணு தரம் வந்தா, இதே இடத்துல உக்காந்தா, வேர்க்கடலை தின்னா, ஊர்க்கதையெல்லாம் கேட்டா. ஒரு தரம்கூட மணி கேக்கல. அவளுக்குப் புத்தி இருக்கு. உனக்கு உங்க அம்மா சோறு மட்டுந்தான் போட்டாளா?"

"சுட்டது யாருன்னு பாத்தீங்கதான? உங்களுக்கு அப்ப ஏழு வயசு."

அவர் கையிலிருந்த மிளகாயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டார். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து பீடை தொலையட்டும் என்று ஒரு கை உப்பை அள்ளி என் முகத்தில் வீசினாள். சட்டைப் பையில் இன்னும் உப்பு இருக்கிறது.

போகட்டும். ஒன்றுக்கு மட்டும் பதில் சொல். 1974இல் அப்பா ரயில்வே தேர்வில் மாகாணத்தில் நான்காவதாகத் தேறினார். வேலை கிடைக்கவில்லை. "குடும்பப் பின்னணி ஏற்கத்தக்கதல்ல." தாத்தாவைக் கொன்றது வடக்குப் படை என்றால் அப்பா தியாகி மகன், மாலை போட்டு உள்ளே கூப்பிட்டிருக்க வேண்டும். சிவப்புக்காரன் மகன் என்று வெளியே தள்ளினார்கள். வடக்குப் படைக்கு அரிசி கொடுத்ததற்காகத் தாங்களே சுட்ட ஆள் யார் என்று அரசாங்கத்துக்கு இருபத்துநான்கு வருஷம் கழித்தும் நன்றாக ஞாபகம் இருந்தது. இப்போதுதான் மறந்துவிட்டதாக்கும். மறப்பதற்கு உன்னைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறது.

கியுவான்

*

இமோக்
அக்டோபர் 12, இரவு

கியுவான்,

ஆமாம். தெரியும்.

அதை எழுதிவிட்டேன், இனி நீ குதிப்பதை நிறுத்திவிட்டு மீதியைப் படி.

2022 இலையுதிர் காலத்தில் பியோ என் வீட்டுக்கு வந்தார். சாட்சியம் பதிவு செய்யத் தொடங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஒரு பெட்டி சீமைப் பனிச்சம்பழம் கொண்டுவந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நடையிலேயே நின்றுகொண்டு பேசினார்.

"ஏம்மா, நீ தேதிய நோண்டிக்கிட்டே போனா எங்க போய் நிக்கும்னு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். போலீஸ் சுட்டுதுன்னு எழுதுவ. சரி. மறுநாளே டவுன்ல நாலு பேரு கொடிய தூக்கிட்டு வருவான், சிவப்புக்காரனுக்குக் கல்லான்னு கேப்பான். எழுவது வருசமா அந்தப் பேரோடதான் இருக்கோம். என் தங்கச்சி கல்யாணம் ரெண்டு தரம் நின்னுச்சு. எனக்கு யாரு சுட்டான்னு எழுத வேண்டாம். நான் பாத்தேன், எனக்கு எதுக்கு எழுத்து? எங்க அப்பன் பேரு ஒரு கல்லுல இருக்கணும். என் பேரன் அது முன்னாடி நிமுந்து நிக்கணும். வடக்கான்னு போட்டாத்தான் கல்லு வரும்னா வடக்கான்னு போடு."

அவர் சொன்னது உண்மை. எங்கள் மன்றத்தில் நினைவுக்கல்லுக்குப் பணம் ஒதுக்குவது ஒரே ஒரு வகைக்குத்தான்: பகைப்படையால் கொல்லப்பட்டோர். மற்ற வகைக்கு "மேலும் ஆராயப்படும்" என்று ஒரு வரி கிடைக்கும். அந்த வரியை வாங்கிக்கொண்டு செத்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு மலர்வளையத்தோடு போய் நின்றவள் நான். நீ பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தாய்.

மன்றத் தலைவர் தேதிப் பிரிவைப் படித்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான். "பதினொண்ணா நாலா? அப்ப பதினொண்ணு. இதுல என்ன யோசனை?" நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பட்டணத்தில் பிறந்தவர், தேவாலயத்துக்குப் போகிறவர், படையலே பார்த்ததில்லை. அவர் ஏமாறவில்லை, ஏமாற்றவுமில்லை. அவர் எண்ணினார், அவ்வளவுதான். எண்ண விட்டது நான்.

இப்போது நீ கேட்க விரும்பாத ஒன்று. அப்பாவின் சாட்சியத்தைப் பதிவு செய்தது நான்தான். பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. "படையல் எப்போது?" என்றேன். "எட்டாம் மாசம் பதினேழு," என்றார். அடுத்த கேள்வி மணி. நான் வாயைத் திறந்தேன். அப்பா கையை நீட்டிக் கருவியை அணைத்தார்.

"போதும் மிரியோங். கல்லுல பேரு வருமில்ல?"

"வரும்ப்பா."

"அப்ப சரி."

வடக்குப் படைதான் சுட்டது என்று சொல்லிக் கல் கேட்டுப் பியோ மன்றத்துக்குக் கொடுத்த மனுவில் அப்பா கையெழுத்தும் இருக்கிறது, மூன்றாவது. ரயில்வே கதவைச் சாத்தியது தன் முகத்தில்தான் என்பதால், என்ன விலைக்கு என்ன வாங்குகிறோம் என்பது அவருக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். அந்த மனிதனின் மூச்சு அடங்கி ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. அவர் வாங்கியதை நீ திருப்பிக் கொடுக்கப் போகிறாய், நீதிமான்.

நீ ஆட்சேபம் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லிவிடுகிறேன். கல் வேலை அன்றே நிற்கும். மறுபரிசீலனை அமர்வு கூட ஒரு வருஷம் ஆகலாம், இரண்டும் ஆகலாம். பியோவுக்கு எண்பத்தொன்று. தேதி மாறினால் வகை மாறும். வகை மாறினால் கல் கிடையாது. ஜாத்கோலில் உன் முகத்தில் உப்பு மட்டும் விழாது.

இதையும் தெரிந்துகொள். அமர்வில் ஆய்வாளரைச் சாட்சியாக அழைக்க ஆட்சேபம் போட்டவருக்கு உரிமை உண்டு. சத்தியப் பிரமாணம் உண்டு. அறிக்கையில் நான் எழுதாமல் விட்டேன், பொய் எழுதவில்லை என்று எனக்கு நானே இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேருக்கு நேர் கேட்டால் அங்கே அப்படிச் சொல்லித் தப்பிக்க என்னால் முடியாது. இதுவரை யாரும் கேட்கவில்லை. இதை நான் உனக்குச் செய்யும் உதவி என்று நினைக்காதே. நீ கேட்டால் என் வேலை போகும், அது என் கவலை. நீ கேட்டால் பியோவின் கல் போகும். அது உன்னுடையது. நீதான் சுமக்க வேண்டும்.

மிரியோங்

*

உல்சான்
அக்டோபர் 15, செவ்வாய்

அக்கா,

மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். எனக்கு அது வழக்கமில்லை.

அப்பா கையெழுத்துப் போட்டது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் இருக்கும்போதே சண்டை போட்டிருப்பேன். இப்போது யாரிடம் போடுவது? உன்னிடம்தான்.

பியோ கேட்டதை நான் புரிந்துகொள்கிறேன். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எழுபது வருஷம் மிதிபட்ட மனிதன், மிதித்தவனிடமே போய், நீங்கள் மிதிக்கவில்லை என்று எழுதித் தருகிறேன், என் அப்பன் பெயரை மட்டும் செதுக்குங்கள் என்று கேட்கிறார். அவரை அந்த நிலையில் கொண்டுவந்து நிறுத்தியது அந்த வகைதான். ஒரே ஒரு வகைக்குத்தான் கல் என்று சட்டம் எழுதினால் எல்லாப் பிணமும் அந்த வகையில்தான் போய்ச் சேரும். உங்கள் மன்றம் வரலாறு எழுதவில்லை. கல்லைக் காட்டிக் கையெழுத்து வாங்குகிறது. நீ அதற்குள் உட்கார்ந்துகொண்டு அதைக் கருணை என்கிறாய்.

பேரன் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்கிறார். எதன் முன்னால்? அவனும் ஒருநாள் வளர்ந்து, நடுராத்திரிப் படையல் வைத்து, உட்கார்ந்து கணக்குப் போடுவான். எனக்கு ஒரு ராத்திரி பிடித்தது. அவனுக்கு அவ்வளவுகூட ஆகாது. அன்றைக்கு அவன் அந்தக் கல்லை மட்டுமா நம்பாமல் போவான்? தன் தாத்தாவையும் நம்பமாட்டான். நான் இந்த வாரம் அப்பாவை நினைத்துக்கொண்டிருப்பது போல.

நீ பொய் எழுதவில்லை, விட்டுவிட்டாய் என்கிறாய். பாலத்தில் விரிசலைப் பார்த்துவிட்டு எழுதாமல் விட்டவனுக்கு என் தொழிலில் சிறை. கருணையினால் விட்டேன் என்று அவன் சொன்னால் தண்டனை குறையுமா என்று எனக்குத் தெரியவில்லை. குறையக்கூடாது என்றுதான் போன வாரம்வரை நினைத்தேன்.

சுமக்க வேண்டும் என்றாய். சரி. சுமப்பதற்கு முன்னால் எடை தெரிய வேண்டும், அதனால் எழுதி வைத்துவிடுகிறேன். செய்யப்போவது இவை:

1. 20ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஜாத்கோல் போய், ஆட்சேபம் போடப்போவதைப் பியோவின் முகத்துக்கு நேரே சொல்வேன். அவர் நல்லதுக்காகச் செய்கிறேன் என்று சொல்லமாட்டேன். உள்ளே விடாவிட்டால் வாசலில் நிற்பேன்.

2. மற்ற ஏழு வீட்டுக்கும் போய் இதையே சொல்வேன். கல் வேலை என்னால்தான் நிற்கிறது என்பதையும் சொல்வேன். வேறு யார் வாயிலிருந்தும் அவர்கள் அதைக் கேட்கக்கூடாது.

3. அன்று ராத்திரி அம்மாவிடம், அப்பா கையெழுத்துப் போட்டதைச் சொல்வேன். ஏற்கெனவே தெரியும் என்று அவள் சொன்னால், அதையும் வாங்கிக்கொள்வேன்.

4. 21ஆம் தேதி திங்கள் காலை ஒன்பது மணிக்கு உங்கள் அலுவலகத்தில் ஆட்சேபத்தை நேரில் கொடுப்பேன். தேதிக்கு ஒன்று, வகைக்கு ஒன்று, ஆக இரண்டு. யார் சுட்டிருந்தாலும் சுடப்பட்டவனுக்குக் கல் உண்டு என்று விதி மாறும்வரை இரண்டாவதை விடமாட்டேன். தோற்றால் மாகாண நீதிமன்றம்.

5. சாட்சியாக ஒரே ஒரு பெயர் கொடுப்பேன். உன் பெயர்.

6. அமர்வில் உன்னை அக்கா என்று கூப்பிடமாட்டேன். "ஆய்வாளர் அவர்களே, 1950 செப்டம்பர் 29 மதியம் ஜாத்கோலில் இருந்தது யாருடைய படை?" என்று கேட்பேன். முன்வரிசையில் பியோ இருப்பார். என்னைத் திட்டுவதற்காகவாவது வருவார். பதிலை என்னைப் பார்த்துச் சொல்லாதே. அவரைப் பார்த்துச் சொல்.

கியுவான்